தாமரை இருபது பைசா கொடுத்த லாபம்: ஆன்லைன் ஏலத்தில் பழைய காசு விற்கப்போகிறவர்களுக்கு

ஆன்லைன் ஏலத்தில் நான் முதன்முதலில் விற்றது ஒரு இருபது பைசா. தாமரைப் பூ போட்ட, பித்தளை மஞ்சள் நிறக் காசு. 1968 முதல் 1971 வரை அடித்தது. நம் வீடுகளில் சாமி உண்டியலிலும் பீரோ மூலையிலும் இன்றும் ஒன்றிரண்டு கிடைக்கும். ஒரு வாட்ஸ்அப் ஏலக் குழுவில் இருபது ரூபாயில் ஆரம்பித்தேன். நாலு பேர் ஏற்றி ஏற்றி நாற்பத்தைந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய காசு மூன்று மடங்கு போயிருக்கிறது என்று அன்று ராத்திரி வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் பீற்றல் அடங்கியது. தபால் கட்டணம் இப்போது இன்னும் ஏறிவிட்டது. அதே விற்பனையை இன்றைய கட்டணத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

வரவு: காசுக்கு 45, தபாலுக்கென்று வாங்குபவர் தருவது 50. மொத்தம் 95 ரூபாய்.

செலவு:
காசின் அடக்கம் 15.00
காயின் ஹோல்டர் 3.00
பபிள் கவர் 7.00
அட்டை, டேப், லேபிள் 2.00
குழு அட்மினுக்கு 5 சதவீதம் 2.25
தபால் நிலையம் போய்வர பெட்ரோல், நாலு பார்சலுக்குப் பங்கு போட்டு 5.00
ஸ்பீட் போஸ்ட் 47 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 55.46

மொத்தம் 89.71. கையில் நிற்பது 5 ரூபாய் 29 பைசா. அந்த 29 பைசாவைக் கையில் வாங்கவும் முடியாது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன.

இதற்காக நான் செலவழித்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். இரண்டு பக்கமும் படம் எடுத்து வெட்டிச் சரிசெய்யப் பத்து, விவரம் எழுத ஐந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பத்து, கட்டுவதற்குப் பத்து, தபால் நிலையத்தில் என் பங்குக்குப் பத்து, ரசீதைப் படம் பிடித்து அனுப்ப ஐந்து.

விற்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் விலை குறைந்த பொருளில் பணம் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால், நான் வீணாக்கிய ஒரு வருடம் உங்களுக்கு மிச்சம்.

ஆரம்பிக்கும் முன்னால்: லட்சக் கதைகளை ஒதுக்கி வையுங்கள்

"வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறதா, பத்து லட்சம்!" "டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் நீங்கள்தான் கோடீஸ்வரர்!" இப்படி வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கும். வைஷ்ணவி தேவி காசு 2012இல் வந்தது. ஐந்திலும் பத்திலும் ஏராளமாக அடித்து விட்டார்கள். புழக்கத்தில் தேய்ந்த ஒன்றைச் சேகரிப்பாளர்கள் முகமதிப்புக்குக் கொஞ்சம் மேலே போட்டு எடுப்பார்கள், அவ்வளவுதான்.

இதில் உண்மையான ஆபத்து வேறு. உங்கள் காசின் படத்தைப் பார்த்து "மூன்று லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் ஆயிரம் அனுப்புங்கள்" என்று ஒருவர் கூப்பிடுவார். ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு ஒரு கடிதமும் வாட்ஸ்அப்பில் வரும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை விட்டிருக்கிறது: பழைய நோட்டு, நாணயம் வாங்குவதிலோ விற்பதிலோ நாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, எங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. வாங்க வருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

முதல் படி: கையில் இருப்பதைப் பிரியுங்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

டப்பாவைக் கொட்டியதும் நம் ஆட்களுக்கு வரும் முதல் யோசனை, கொஞ்சம் புளி போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்பதுதான். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கேடு. செம்பிலும் பித்தளையிலும் பல வருடமாகப் படிந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் பணம் கொடுக்கிறார். தேய்த்த காசை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்டைக் காலணா என்று நம் தாத்தாக்கள் சொன்ன, 1943 முதல் 1947 வரை வந்த நடுவில் துளையிட்ட செம்புக்காசை நான் ஒருமுறை தேய்த்து வைத்தேன். பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பிரிக்கும்போது மூன்று குவியல் போதும். தனியாக விற்கத் தகுந்தவை, சேர்த்து லாட்டாக விற்கத் தகுந்தவை, விற்கவே கூடாதவை.

மூன்றாவது குவியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேலான நாணயம் தொல்பொருள் ஆகிவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி காலணா, விக்டோரியா ராணி அணா, எட்வர்ட் ராஜா ரூபாய் எல்லாம் இதில் அடக்கம். தமிழ்நாட்டில் சில நூறு ரூபாய்க்கே கைமாறும் ராஜராஜன் செப்புக்காசும் அப்படித்தான். விலை மலிவு என்பதால் சட்டம் விலகிக்கொள்ளாது. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. உள்ளூரிலேயே தொழிலாக விற்பதற்கும் உரிமம் வேண்டும். வெளிநாட்டு ஏலத் தளத்தில் "நூற்றைம்பது டாலர், சோழர் காசு" என்று பார்த்துவிட்டு நாமும் போடலாமே என்று நினைக்கிற புதியவர்கள் நிறைய. அது இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு செய்கிற காரியம் இல்லை.

அதேபோல வயலில் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தது என்று யாராவது காசு கொண்டுவந்தால் தொடாதீர்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்கடியில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தப் பத்து ரூபாயை யாரும் மாற்றவே இல்லை.

இரண்டாம் படி: கேட்கும் விலை வேறு, போகும் விலை வேறு

தளத்தில் ஒரு பொருளைத் தேடினால் வருவது விற்பவர்களின் ஆசை விலை. மூன்று பைசா அலுமினியக் காசுக்கு, அந்த அறுகோணக் காசுக்கு, ஐயாயிரம் என்று போட்டவர் இருக்கிறார். மூன்று வருடமாக அது அங்கேயே கிடக்கிறது. ஈபே என்ற சர்வதேச ஏலத் தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் ஒரு மாதம் எதுவும் விற்காமல் வேடிக்கை பாருங்கள். முடிந்த ஏலங்களின் விலையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே காசு திங்கட்கிழமை மதியம் 30க்கும் ஞாயிறு இரவு 60க்கும் போவதைப் பார்ப்பீர்கள். அந்த நோட்டுக்கு ஈடான பாடம் வேறு கிடையாது.

ஆரம்ப விலையை ஒரு ரூபாய் என்று வைத்தால் கூட்டம் வரும் என்பார்கள். ஆயிரம் பேர் பார்க்கிற அரிய காசுக்கு அது பொருந்தும். மூன்று பேர் மட்டும் தேடுகிற காசு ஒரு ரூபாயிலேயே முடிந்துவிடும். ஏலம் என்றால் முடிந்த விலைக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அடக்கத்துக்குக் கீழே ஆரம்ப விலை வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே விற்பது

ஒரு காலத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. பாஜி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. பல வருடம் இந்தியச் சேகரிப்பாளர்களின் சந்தை அதுவாகத்தான் இருந்தது. 2017இல் அதன் இந்தியப் பிரிவு ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போனது. 2018 ஆகஸ்டில் கடையை மூடிவிட்டார்கள். அதன்பின் வந்த கூட்டம்தான் இன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சிதறிக் கிடக்கிறது.

குழுவில் விற்றால் பணம் யுபிஐயில் நேராக வரும், பிடித்தம் இல்லை. அட்மினுக்குக் கொஞ்சம் கமிஷன் இருக்கலாம், சில குழுக்களில் அதுவும் கிடையாது. ஆனால் சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஆள் இல்லை. "அண்ணே, நெட் போயிருச்சு, அதான் பிட் போட முடியல" என்று ஏலம் முடிந்து பத்து நிமிடம் கழித்து வருகிறவரையும் நீங்கள்தான் சமாளிக்கவேண்டும். ஜெயித்தவர் பணம் அனுப்பாமல் காணாமல் போவதும் சகஜம். அப்படிப் போனால் ஒரு வாரம் போய்விடும். இரண்டாவதாகக் கேட்டவருக்கு அதற்குள் ஆர்வம் ஆறியிருக்கும்.

சொந்த இணையக் கடை போட்டால் பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே வழக்கமாக 2 சதவீத அளவில் எடுக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. பெரிய ஏல நிறுவனங்கள் இருபது பைசாவையெல்லாம் கண்ணெடுத்தும் பார்க்காது.

வெளிநாட்டுக்கு என்றால் இன்றும் ஈபேதான். அங்கே கட்டணத்தைப் புரிந்துகொள்வதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஏறத்தாழ 13 சதவீதம் என்று படித்துவிட்டு, ஆறு டாலர் பொருளுக்கு 78 சென்ட்தானே என்று நினைப்பார்கள். அந்தச் சதவீதம் பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவு, வாங்குபவர் கட்டும் விற்பனை வரி எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு. ஆறு டாலர் காசு, நாலு டாலர் தபால், 80 சென்ட் வரி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10.80. அதில் 13 சதவீதம் 1.40. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கட்டணம் உண்டு, பத்து டாலரைத் தாண்டினால் 40 சென்ட். ஆக 1.80. நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் பைக்கு வராத வரிப் பணத்துக்கும் நீங்கள் கமிஷன் கட்டுகிறீர்கள். "விளம்பரப்படுத்துங்கள்" என்ற பொத்தானைத் தட்டினால் அதற்கு ஒரு சதவீதம். டாலரை ரூபாயாக்கி வங்கியில் போடும் சேவை தன் பங்கை எடுக்கும்.

இத்தோடு விடவில்லை. வணிகமாக ஏற்றுமதி செய்ய ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். வருடந்தோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த விவரத்தைப் புதுப்பிக்கவேண்டும். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் போய்விட்டது. அந்தச் சமயத்தில் இந்தியத் தபால் துறை அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் நடுவில்தான் மறுபடி எடுக்க ஆரம்பித்தது. ஏலம் முடிந்து, பணமும் வாங்கிவிட்டு, அனுப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போன்ற தலைவலி வேறு இல்லை. முதல் வருடம் உள்நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

நாலாம் படி: கட்டுவதும் அனுப்புவதும்

லாபத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பதிவுத் தபால் இருந்த காலத்தில் சின்ன விற்பனையாளருக்கு அதுதான் கைகொடுத்தது. இருபது கிராம் கவர் 26 ரூபாய்க்குள் பத்திரமாகப் போய்ச் சேரும், கையெழுத்தும் வாங்கித் தருவார்கள். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அந்த வருடம் அக்டோபரிலிருந்து ஸ்பீட் போஸ்டுக்குப் புதுக் கட்டணம். ஐம்பது கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எதுவானாலும் 47. பதிவு வசதி வேண்டுமானால் இன்னும் 5 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. "தபால் செலவு 30" என்று பழைய பழக்கத்தில் ஏலக் குறிப்பில் எழுதிவைத்தவர்கள் ஒவ்வொரு காசுக்கும் 25 ரூபாய் கைக்காசு போட்டு அனுப்பினார்கள். நானும் ஒரு வாரம் போட்டேன்.

எடைப் படிகளைக் கவனியுங்கள். தாமரைக் காசு ஐந்து கிராம்கூடத் தேறாது. ஹோல்டர், இரண்டு பக்கமும் அட்டை, பபிள் கவர் எல்லாம் சேர்ந்தாலும் முப்பது கிராம் சொச்சத்தில் முடித்துவிடலாம். ஐம்பதைத் தாண்டிவிட்டால் அடுத்த படி 250 கிராம். அதற்கு நாட்டின் எந்த மூலைக்கும் அதிகபட்சம் 77 ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி. ஐம்பத்திரண்டு கிராம் கவருக்கும் இருநூற்று நாற்பது கிராம் கவருக்கும் ஒரே காசு. இந்த ஒரு விஷயம்தான் என் விற்பனை முறையையே மாற்றியது. கீழே சொல்கிறேன்.

டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வீட்டிலேயே எடை போட்டுவிட்டுப் போனால் கவுண்டரில் அதிர்ச்சி இருக்காது. ஹோல்டர் வாங்கும்போது மெத்தென்று வழுவழுப்பாக இருக்கும் மலிவான பிவிசி உறை வேண்டாம். நாளாவட்டத்தில் அது கசிந்து செம்பில் பச்சையாக ஒட்டும். கவருக்குள் காசு ஆடக்கூடாது. காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் மறுபடி கட்டுங்கள். முத்திரை குத்துகிற இடத்தில் காசு இருந்தால் கவர் கிழிந்து அது மட்டும் நழுவிவிடும். எனக்கு ஒருமுறை காலிக் கவர் போய்ச் சேர்ந்ததாகப் படம் வந்தது. அதிலிருந்து அட்டையில் காசளவுக்குக் குழி வெட்டி, அதற்குள் வைத்து, மேலே இன்னொரு அட்டை ஒட்டுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமையாக இருக்கிறது. கனமும் இல்லை, மடங்குவதும் இல்லை, செலவும் இல்லை.

எங்கள் ஊர்த் தபால் நிலையக் கவுண்டரில் முதல் தடவை நடந்தது இது.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"காசும்மா. பழைய காசு."

"காசு பணம்னா இன்ஷூர் பண்ணித்தான் அனுப்பணும்."

"இது செல்லாத காசு. இருபது பைசா."

அந்த அம்மா கவரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "செல்லாத காசை யாரு சார் காசு குடுத்து வாங்குறா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. நாணயம் அனுப்புவதற்குத் தனி விதிகள் உண்டு. பல கூரியர் நிறுவனங்களின் தடைப் பட்டியலிலும் நாணயமும் நோட்டும் இருக்கும். "சாவி", "பட்டன்" என்று பொய் எழுதி அனுப்பினால் தொலைந்தபின் வாய் திறக்க முடியாது. உள்ளதைச் சொல்லி, கவுண்டரில் கேட்டு, விலை கூடியதை இன்ஷூர் செய்து அனுப்புங்கள். அந்த இன்ஷூரன்ஸ் தொகையையும் தபால் செலவோடு சேர்த்து முன்கூட்டியே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

தீப்பெட்டிப் படம், தபால்தலை விற்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. இருபது கிராமுக்குள் சாதாரணத் தபாலில் 5 ரூபாயில் முடித்துக்கொள்ளலாம். சிவகாசி, சாத்தூர் பழைய லேபிள் பத்து அனுப்பினாலும் அந்த எடைக்குள் வரும். ஆனால் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடையாது. "தொலைந்தால் உங்கள் பொறுப்பு, சம்மதமா?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் ஐம்பது ரூபாய்க்குக் கீழே பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று தொலைந்தால்

மேலே போட்ட தாமரைக் காசுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்சல் காணாமல் போகிறது, வாங்கியவருக்கு 95 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். உங்கள் கையைவிட்டுப் போனது 89.71. ஒரு காசுக்கு 5.29 லாபம் என்றால், இதை ஈடுகட்ட இன்னும் பதினேழு காசு விற்கவேண்டும். அந்தப் பதினேழில் ஒன்றும் தொலையக்கூடாது. விலை மலிவான பொருளில் தாங்குசக்தி அவ்வளவுதான்.

திருப்பி அனுப்புகிறவர்கள் தனி ரகம். "படத்தில் கீறல் தெரியவில்லை" என்பார்கள். கீறலைப் பெரிதாகக் காட்டி ஒரு படம் கூடுதலாகப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நாற்பது ரூபாய்ப் பொருளைத் திரும்ப வரவழைக்க ஐம்பத்தைந்து ரூபாய் தபால் என்றால், பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, "காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவேன். மனசு கேட்காது. ஆனால் அதுதான் மலிவு.

ஐந்தாம் படி: தனிக்காசை விட்டு லாட்டுக்கு வாருங்கள்

பத்துக் காசை ஒன்றாகச் சேர்த்தேன். ஒரு பைசாவிலிருந்து இருபது பைசா வரை, வடிவம் வடிவமாக: சதுர ஐந்து பைசா, பூப்போல விளிம்பு நெளிந்த பத்து பைசா, அறுகோண மூன்று பைசா, காந்தி நூற்றாண்டுக்கு வந்த இருபது பைசா, அப்புறம் அந்தத் தாமரையும். ஐந்நூறுக்கு மேல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் 250 கிராம் வரை 68 ரூபாய், ஜிஎஸ்டியோடு 80.24. லாட் 400க்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள், தபாலுக்கு 80. வரவு 480. அடக்கம் 150, கட்டும் சாமான் 18, கமிஷன் 20, பெட்ரோல் பங்கு 5, தபால் 80.24. செலவு 273.24 போக நிற்பது 206.76. நேரம் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல்.

இதே பத்தையும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 45 என்று விற்றால் காசு விலை மட்டும் 450 வரும், லாட்டைவிட ஐம்பது அதிகம். ஆனால் கையில் நிற்பது 52.90. நேரம் எட்டு மணிக்கும் மேல்.

லாட் போடுவதிலும் ஒரு நேர்மை வேண்டும். மேலே நல்லதாக நாலு, அடியில் தேய்ந்துபோன பதினாறு என்று கலந்தால் முதல் தடவை விற்கும். அடுத்த தடவை குழுவில் உங்கள் பெயரைப் பார்த்தாலே தாண்டிப் போய்விடுவார்கள். எல்லாக் காசையும் ஒரே படத்தில் இரண்டு பக்கமும் தெரியும்படி காட்டுங்கள். வருட வரிசை, வடிவ வரிசை என்று ஏதாவது ஒரு கதை இருந்தால் புதிதாகச் சேர்ப்பவர்கள் எடுப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசிரியர்கள் வாங்குகிறார்கள். என் நல்ல வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் அப்படித்தான்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே ஆள் இரண்டு மூன்று ஏலம் ஜெயித்தால் சேர்த்து ஒரே கவரில் அனுப்புவதாக முன்பே சொல்லிவிடுங்கள். தபால் செலவு ஒன்றுதானே என்று அவர்களே கூடுதலாகக் கேட்பார்கள்.

தனியாக விற்பதற்கு நான் வைத்திருக்கும் கோடு 200 ரூபாய். அதற்குக் கீழே எதுவானாலும் லாட்தான். உங்கள் ஊர், உங்கள் நேரம், உங்கள் அடக்கம் வேறாக இருக்கலாம். கோட்டை நீங்களே போடுங்கள், ஆனால் ஒரு கோடு கட்டாயம் இருக்கட்டும்.

வரி

அப்பா வைத்துவிட்டுப்போன டப்பாவைக் காலி செய்வது வேறு, விற்பதற்கென்றே வாங்கி விற்பது வேறு. இரண்டாவது வியாபாரம். பொருளை வியாபாரமாக வெளி மாநிலத்துக்கு விற்றால், வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்ற வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதுதான் பொது விதி. விற்பனைத் தளங்கள் ஜிஎஸ்டியில் அரை சதவீதம் பிடித்துக் கட்டும், கணக்குத் தாக்கல் செய்தால் வரவாகும். வருமான வரியில் 0.1 சதவீதப் பிடித்தம் உண்டு. தனிநபர் பான் எண் கொடுத்திருந்து, வருட விற்பனை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அது கிடையாது. மாதம் நாலு லாட் விற்கிறவர் ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் லாபத்தைவிட அதிகமாகிவிடும். ஆகவே தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தால் விற்க ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் போய்ப் பேசிவிடுங்கள்.

நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எக்செல் தெரிந்தால் அதிலும் போடலாம். எனக்கு நோட்டுதான் ஒத்துவருகிறது, கவர் ஒட்டிக்கொண்டே எழுதலாம். பொருள், அடக்கம், விற்ற விலை, வாங்கிய தபால் காசு, கட்டிய தபால் காசு, சாமான், கமிஷன், நிமிடம், மிச்சம். நிமிடம் என்ற கட்டத்தை மட்டும் யாரும் போடுவதில்லை. போட்டுப் பாருங்கள், நாலாவது வாரம் உங்களுக்கே எது விற்கவேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

என் நோட்டில் நேற்று எழுதிய வரி: "மூன்று பைசா, அறுகோணம், 1964 முதல் 1971, 8 காசு. அடக்கம் 80. விற்றது 260. 45 நிமிடம். திருச்சி. கல்யாணப் பத்திரிகை அட்டை தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் கேட்கவும்."